ஆறாவது நாற்காலியின் நோட்டு

ஹார்ப்பர் டிரா, மேற்கு டெக்சாஸ்
1 ஆகஸ்ட் 1971

என் தங்கை பெற்ற கணக்குப்புலி வெர்னாவுக்கு உன் மாமன் ஹாலிஸ் டீக் எழுதுவது.

இங்கே நானும் என் டிரக்கும் சௌக்கியம். காலையில் கிளம்பும்போது இரண்டு பேருக்கும் கொஞ்சம் இருமல் வருகிறது, அவ்வளவுதான். ஃபோர்ட் வொர்த்தில் நீ எப்படி இருக்கிறாய்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னை இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். லூதர் கிஞ்சின் தீவனக் கடைப் பின்னறையில் சனிக்கிழமை மதியம் நடக்கும் போக்கர் ஆட்டம் உனக்குத் தெரியும். ஆறே நாற்காலி. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்ந்து விழும், எல்லாருக்கும் பொதுவாய் ஐந்து சீட்டை நடுவில் ஒவ்வொரு கட்டமாய்த் திறப்பார்கள். இந்த மாவட்டத்தில் ஷெரிஃப் பதவி கிடைத்தாலும் கிடைக்கும், அந்த நாற்காலி கிடைக்காது. பதினொரு வருடமாய் உன் மாமன் அங்கே சீட்டு கலைத்துப் போடுகிறேன், காபி போடுகிறேன். எவனாவது வராத அன்றைக்கு மட்டும் அவன் இடத்தில் உட்காருவேன். அப்படி உட்கார்ந்த நாளில் எல்லாம் நான் மேசையையே வழித்தெடுத்திருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்பவேண்டும்.

மார்ச்சில் எம்மெட் புரூயிட் போய்ச் சேர்ந்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே. அன்றைக்கு மதியம் அவர் மனைவி ஓஸெல்லா அண்ணி பொரித்தனுப்பிய வெண்டைக்காயை இரண்டு தட்டு காலி பண்ணிவிட்டு, வரிசையாய் ஐந்து இஸ்பேடு பிடித்து, "கடவுளே, ஒருவழியா வந்துடுச்சு!" என்று சிரித்தபடியே சாய்ந்தார். அப்படி ஒரு சாவு எனக்கும் வரட்டும்.

இங்கே வழக்கம் என்னவென்றால், ஆள் செத்தால் நாற்காலி ஒரு வருடம் காலியாக இருக்கும். ஆனால் அதற்கும் சீட்டு விழும். போட்டவனே அதைக் கவிழ்த்தபடி எடுத்து, பார்க்காமல் கழிவுச் சீட்டில் எறிந்துவிட வேண்டும். வருடம் முடிகிற சனிக்கிழமை விதவை வந்து அன்றைய கையை, அதாவது விழுந்த இரண்டு சீட்டை, தானே திருப்பிக் காட்டுவாள். அதோடு நாற்காலி விடுபடும். இது வருகிற மார்ச் பதினெட்டு.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும், வெர்னா. லூதரிடம் கேட்டேன். "சீட்டு போடத் தெரிஞ்சவனெல்லாம் ஆடத் தெரிஞ்சவனாயிடுவானாடா? கத்துக்கிட்டு வா, பாக்கலாம்"னு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நான் நாலாம் வகுப்பையே மூன்று வருடம் படித்தவன், கூட்டினால் பன்னிரண்டுக்குச் சமம். இருந்தாலும் முறையாய்ப் படிப்பது எப்படி என்று நீ எழுது. ஏழு மாதம் இருக்கிறது.

உன் மாமன்,
ஹாலிஸ்

---

ஃபோர்ட் வொர்த்
9 ஆகஸ்ட் 1971

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உடம்பு பரவாயில்லை. கோடை ஜலதோஷம் ஒரு வாரம் படுத்தியது, இப்போது விட்டுவிட்டது. உங்கள் இருமலை டிரக் கணக்கில் எழுதாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

போக்கர் எனக்குத் தெரியாது, ஆனால் படிப்பது எப்படி என்று தெரியும். ஜெயித்தால் நன்றாக ஆடினோம் என்றும் தோற்றால் அதிர்ஷ்டம் கெட்டது என்றும் நினைக்கிறீர்கள். என் வகுப்பிலும் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகள் உண்டு. விடை சரியாகவே இருந்தாலும் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

சமையலறை மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. ஆறு பேருக்கும் சீட்டு போட்டுவிட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் நீங்களே மாறி மாறி உட்காருங்கள். அந்த இடத்தில் இருப்பவனுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும், பக்கத்துக் கையில் என்ன என்பதை மறந்துவிட வேண்டும். இதுதான் கஷ்டம், இதுதான் படிப்பும். பந்தயத்தைத் தொடர்ந்தாலும் சரி, கையை மடக்கி அந்த ஆட்டத்தை விட்டு விலகினாலும் சரி, நடுவில் அடுத்த சீட்டைத் திறப்பதற்கு முன்னால் காரணத்தை எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எழுதுவதெல்லாம் சாக்கு.

ஒரு வாரத்துக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு நோட்டையும் படியுங்கள். தோற்ற ஆட்டங்களைத் தேடாதீர்கள், காரணம் மோசமாக இருந்த ஆட்டங்களைத் தேடுங்கள். கடையில் மற்றவர்களையும் கவனித்து எழுதுங்கள். நல்ல கை வந்தால் ஒருவர் என்ன செய்கிறார், பொய்க்குப் பந்தயம் வைக்கும்போது என்ன செய்கிறார் என்று. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு இங்கே வாருங்கள். அம்மா போனபின் எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அன்புடன்,
வெர்னா

---

ஹார்ப்பர் டிரா
29 ஆகஸ்ட் 1971

மேதை வெர்னாவுக்கு,

ஜலதோஷம் விட்டது கேட்டு நிம்மதி. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, உட்கார்ந்து எழுந்து முழங்கால்தான் தேய்கிறது. முப்பது ஆட்டத்துக்கு ஆறு நாற்காலி என்றால் எத்தனை தடவை எழுந்து உட்காருவது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

உன் முறை பிரமாதம். மூன்று வாரத்தில் நான் கண்டுபிடித்ததை இந்த நாட்டில் ஒருவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். முதல் நாற்காலி எனக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை லூதருக்கும் மற்றவர்களுக்கும். கடை ஆட்டத்தில் ஒருவனான ராய்ஸுக்கு மட்டும் இடம் இல்லை, அவன் பாதி நாள் மாட்டுப் பண்ணையில்தான் இருப்பான். (நல்ல கை வந்தால் மூக்கால் மூச்சு விடுகிறான். எழுதிவைத்துவிட்டேன்.) ஆறாவது எம்மெட் அண்ணனுக்கு. நீ ஆறு நோட்டு சொன்னாய், ஆறாவதை யாருக்குக் கொடுப்பேன்?

இன்னொரு சாமர்த்தியம் கேள். கடையில் அவர் நாற்காலிக்கு விழும் சீட்டு வாராவாரம் வீணாய்ப் போகிறதே என்று தோன்றியது. எடுத்து எறியும்போது கட்டைவிரலால் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிடுகிறேன். வழக்கப்படி யாரும் பார்க்கக் கூடாது. ஆனால் படிப்புக்காகத்தானே? வீட்டுக்கு வந்து அதே இரண்டு சீட்டை ஆறாவது நாற்காலியில் வைத்து ஆடுகிறேன். அப்படிச் செய்யத் தொடங்கியதிலிருந்து அந்த நாற்காலி தூள் கிளப்புகிறது!

ஓஸெல்லா அண்ணி கோழித் தீவனம் வாங்க வரும்போதெல்லாம் என்னைத்தான் தேடுவார். "தம்பி, நீதானே அவர் பக்கத்துல உக்காந்திருந்தே. கடைசியா என்ன சொன்னாரு?" என்பார். "நீங்க குடுத்தனுப்பின பெக்கான் பை பலகாரம் ஒரு துண்டு கையில எடுத்தாரு அண்ணி. ஓஸெல்லா கைப்பக்குவம் யாருக்கும் வராதுடான்னாரு. அதான் கடைசி"ன்னு சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றுவேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

உன் மாமன்

---

ஃபோர்ட் வொர்த்
6 செப்டம்பர் 1971

அன்புள்ள மாமா,

நலம். முழங்காலுக்குச் சூடான துணி ஒத்தடம் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், செய்யுங்கள். அந்தச் சீட்டைப் பார்க்காதீர்கள். எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருக்கிறது என்பதால் சொல்லவில்லை. அவர்கள் கண்டுபிடித்தால் நாற்காலி போய்விடும். உங்கள் படிப்புக்கு யாருடைய சீட்டும் வேண்டியதில்லை, கட்டைக் கலைத்தாலே போதும்.

எம்மெட் ஐயா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்குப் புதிது. நீங்கள் அன்று சீட்டு போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தேன்.

ஆறு நோட்டையும் ஒருமுறை தபாலில் அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

வெர்னா

---

ஹார்ப்பர் டிரா
10 அக்டோபர் 1971

வெர்னாக் குட்டிக்கு,

இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைச்சல். உனக்கு எல்லாம் சௌக்கியம்தானே?

நோட்டுகள் ஆறும் இத்துடன் வருகின்றன. கட்டியிருக்கிற சணலைப் பார்த்து அவிழ், லூதர் கடைச் சணல், கையைக் கிழிக்கும்.

போன மாதம் ராய்ஸ் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. நான் உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் ஜெயித்தேன், அதிர்ஷ்டத்தால் இல்லை! லூதர் வாயில் இருந்த பல்குச்சி கீழே விழுந்துவிட்டது. "ஹாலிஸ், யார்கிட்டடா கத்துக்கிட்டே?" என்றான். "எல்லாம் ஃபேமிலி ரகசியம்" என்றேன். "முன்னல்லாம் நல்ல கை வந்தா உன் காது செவக்கும். இப்ப எம்மெட் மாதிரி கல்லாட்டம் உக்காந்திருக்கே"ன்னான். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையில் எனக்குச் சொல்லிக்கொடுப்பது ஆறாவது நாற்காலிதான். வீட்டில் அதை என்னால் ஜெயிக்க முடியவில்லை. நானேதான் ஆடுகிறேன், நானேதான் தோற்கிறேன்! முதலில் ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. இப்போது அங்கே உட்கார்ந்தால் முடிவு உடனே வந்துவிடுகிறது, யோசிக்கவே வேண்டாம். இதைத்தான் நீங்கள் படித்தவர்கள் தேர்ச்சி என்கிறீர்களோ?

சீட்டைப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னாய். நிறுத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஹாலிஸ் மாமன்

---

ஃபோர்ட் வொர்த்
24 அக்டோபர் 1971

அன்புள்ள மாமா,

உடம்பைப் பற்றி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். நான் நலம். நீங்கள் தூங்குங்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை நோட்டுகள் அருமை. ஆகஸ்டில் "தோணிச்சு" என்று எழுதியவர் அக்டோபரில் "இவன் முன்னால் இரண்டு பேர் பந்தயம் ஏற்றியிருக்கிறார்கள், இந்தக் கை தாங்காது" என்று எழுதுகிறீர்கள். என் மாணவனாக இருந்தால் தட்டிக்கொடுப்பேன்.

ஆறாவது நோட்டைப் பற்றி எப்படி எழுதுவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

செப்டம்பரிலிருந்து அதில் நூற்று நாற்பது ஆட்டம் இருக்கிறது. இருபத்தெட்டில் கடைசிவரை இருந்து, இருபத்தெட்டிலும் ஜெயித்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டில் மடக்கியிருக்கிறது. நடுவில் வந்த சீட்டுகளோடு சேர்த்துப் பார்த்தேன், அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட ஜெயித்திருக்க முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் எப்போதாவது ஜெயிக்கும் கையை மடக்கியே தீருவான். இது நடக்க வேண்டுமானால் வரப்போகும் சீட்டு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எட்டிப் பார்த்திருந்தால் சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டேன்.

இன்னொன்று. முப்பத்தோராம் பக்கத்தில் ஆறாவது நாற்காலிக்கு இரண்டு ஏஸ் விழுந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது என்று முதல் நோட்டில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மடக்கியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "இடது கை மரத்துப்போகிறது" என்று இருக்கிறது.

கடைசிப் பன்னிரண்டு பக்கத்திலும் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே காரணம்தான். "இரண்டு நிமிஷம் ஆகட்டும்."

எந்த இரண்டு நிமிஷம், மாமா? கையெழுத்து உங்களுடையது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெர்னா

---

ஹார்ப்பர் டிரா
2 நவம்பர் 1971

அன்பு வெர்னாவுக்கு,

நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ வீணாய்ப் பயப்படுகிறாய். சீட்டை எட்டிப் பார்க்கவில்லை, உன் அம்மா மேல் ஆணை. அது அந்த நாற்காலியின் ராசி. கை மரத்தது என்பது என் கைதான், ஆறு நோட்டு எழுதினால் யாருக்கும் மரக்கும். நான் வலது கையால் எழுதுகிறவன்தான், ஆனால் இடது கையால் நோட்டை அழுத்திப் பிடிக்க வேண்டாமா?

எம்மெட் அண்ணன் விஷயத்தில் நீ எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். அவர் சாயும்போது நான் அறையிலேயே இல்லை. முன்கடையில் லூதர் பெண்டாட்டி பெரிய சட்டி நிறையச் சில்லி கொண்டுவந்திருந்தாள். மாட்டுக்கறியை அப்படிப் பதமாய் வேகவைக்க யாராலும் முடியாது, மேலே பச்சை வெங்காயமும் நறுக்கிப் போட்டு. நான் ஒரு கிண்ணம் முடித்து இரண்டாவதுக்குக் கரண்டியை விட்டபோதுதான் உள்ளே நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது. ஓடினேன். என்ன பண்ண முடியும்?

நன்றித் திருநாளுக்கு வர முடியாது. ராய்ஸ் ஊருக்குப் போகிறானாம், நான் உட்கார வேண்டும்.

மாமன்

---

ஃபோர்ட் வொர்த்
12 நவம்பர் 1971

மாமா,

நலம், நலமாக இருங்கள்.

ஆட்டக்காரர்களின் பழக்கத்தை எழுதிவைக்கச் சொன்னேன். நான் உங்களுடையதை எழுதிவைத்தேன். ஏழெட்டு வருடத்துக் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. மீன் பிடிக்கும் போட்டியில் முதல் பரிசு வாங்கியது, ராணுவத்தில் தளபதிக்கு டிரக் ஓட்டியது, அம்மாவின் சவ அடக்கத்துக்கு வராமல் போனதற்கு ரயில் தண்டவாளத்தில் வெள்ளம் என்று சொன்னது. நீங்கள் இல்லாததைச் சொல்லும் இடத்தில் எல்லாம் சாப்பாடு வரும். மீன் வறுவல், தளபதி வீட்டு விருந்து, ரயில் நிலையத்தில் தின்ற சாண்ட்விச். உண்மை எழுதும்போது நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

எம்மெட் ஐயா மூன்று விதமாகச் செத்திருக்கிறார். ஒன்றில் வெண்டைக்காய், ஒன்றில் பெக்கான் பை, ஒன்றில் சில்லி.

நீங்கள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன நடந்தது?

வெர்னா

---

ஃபோர்ட் வொர்த்
9 ஜனவரி 1972

அன்புள்ள மாமா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய ஸ்வெட்டர் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கடைக்குப் போன் போட்டேன். லூதர் ஐயா எடுத்தார். "அவனுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கான். முன்ன வாய் ஓயாது, இப்ப வாயே தொறக்கமாட்டேங்கறான். ஆட்டம்தான் பேசுது. நாற்காலி அவனுக்குத்தான்னு நாங்க அஞ்சு பேரும் முடிவு பண்ணிட்டோம்" என்றார்.

நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் உங்கள் மருமகள்தான். எழுதுங்கள்.

வெர்னா

---

ஹார்ப்பர் டிரா
6 பிப்ரவரி 1972

வெர்னாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

அன்றைக்கு ராய்ஸ் வரவில்லை. நான் அவன் இடத்தில், எம்மெட் அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். பதினொரு வருடத்தில் நான் ஜெயித்தது மொத்தம் ஐந்தோ ஆறோ தடவை. அன்றைக்கு என் கையில் இரண்டு ராணி. நடுவில் மூன்று சீட்டு திறந்தார்கள், அதில் இரண்டு ராணி. நாலு ராணியும் என்னுடையது. என்னை அடிக்க முடியாது. என் காது சிவக்காமல் இருக்க வேண்டுமே என்று உள்ளங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

எம்மெட் அண்ணன் குரல் எப்போதும் மெல்லிசு. என் பக்கம் சாய்ந்து, "ஹாலிஸ், இடது கை மரத்துப்போகுதுடா. எதிர்த்தாப்ல ஹேமில் டாக்டரைக் கொஞ்சம் கூப்பிடேன்" என்றார். டாக்டர் வீடு பின்தெருவுக்கு அந்தப் பக்கம். நான் எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும். எல்லாரும் எழுந்துவிடுவார்கள், கை செல்லாமல் போய்விடும். "ரெண்டு நிமிஷம்ணே. இந்தக் கை முடியட்டும்" என்றேன். அவர், "சரிடா, ரெண்டு நிமிஷம் ஆகட்டும்" என்றார். யார் ஆட்டத்தையும் கலைக்கிற மனுஷர் இல்லை. தன் முறை வந்தபோது, நான் ஏற்றிய பந்தயத்துக்குச் சரியாகத் தானும் வைத்தார். எனக்காக.

நான் ராணிகளைத் திருப்பிப் போட்டேன். எல்லாரும் கத்தினார்கள், முதுகில் தட்டினார்கள். அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினேன்.

யாருக்கும் தெரியாது. உனக்கு இப்போது தெரியும்.

ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தால் பென்சில் கையில் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. அடுத்து முதல் நாற்காலியில் இருக்கிறேன், எழுத்து எழுதியிருக்கிறது. கடையில் சீட்டை எட்டிப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. ஜனவரியில் நான்கு சனிக்கிழமை, முதல் ஆட்டத்தில் அவர் நாற்காலிக்கு ஒரு ராணி விழுந்தது. முதல் வாரம் இஸ்பேடு. அடுத்து டைமண்ட். அடுத்து கிளாவர். நான்காவது வாரம் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், விரல் தானாகத் தூக்கியது. ஆர்ட்டின். சீட்டு போட்டவன் நான், கலைத்தவனும் நான். இதை நான் ஜோடிக்கவில்லை, வெர்னா.

நாற்காலி எனக்கு என்று முடிவு பண்ணிவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?

ஹாலிஸ்

---

ஃபோர்ட் வொர்த்
14 பிப்ரவரி 1972

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ராணிகளைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த எண்ணை உங்களுக்கு எழுத மனமில்லை.

ஓஸெல்லா அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மார்ச் பதினெட்டாம் தேதி அத்தனை பேர் முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அவர் கணவர் உண்மையில் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். அவர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். நாற்காலியை வேறு யாருக்காவது விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள். பின்புற அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட் இத்துடன் இருக்கிறது, தேதி போடாத டிக்கெட்.

நோட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறாவதை என் வீட்டிலும் வைத்துக்கொள்ளவில்லை.

வெர்னா

---

ஹார்ப்பர் டிரா
9 ஏப்ரல் 1972

வெர்னாவுக்கு,

நீ சொன்னபடி செய்யத்தான் போனேன். மூன்று தடவை ஓஸெல்லா அண்ணி வீட்டுக் கேட் வரைக்கும் போனேன். மூன்றாம் தடவை அவரே வெளியே வந்து, "என்ன தம்பி, டிரக் ரிப்பேரா?" என்றார். ஆமாம் அண்ணி என்று திரும்பிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி கறுப்பு உடையில் வந்தார். நான் சீட்டு போட்டேன், கடைசியாக. அண்ணி எம்மெட் அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் நின்று இரண்டையும் திருப்பினார். கிளாவர் இரண்டு, டைமண்ட் ஏழு. ஆட்டத்திலேயே மட்டமான கை. "போயும் அதிர்ஷ்டம் மாறலியே எம்மெட்டுக்கு" என்று ராய்ஸ் சொன்னான். அண்ணிகூடச் சிரித்தார். லூதர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, "வாடா ஹாலிஸ். படிச்சு பாஸ் பண்ணிட்டே. உக்காரு" என்றான்.

அப்போது சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ராணிகள், மரத்துப்போன கை, இரண்டு நிமிஷம். பொய்ச் சொற்கள் எல்லாம் எங்கே போயினவோ, ஒன்றும் வரவில்லை.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "ஹேமில் டாக்டர் அன்னிக்கு வீட்லதான் இருந்தாரா?"

"இருந்தாரு அண்ணி."

லூதர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். "வெளிய போடா நாயே" என்றான். அண்ணி அவன் கையை எடுத்துவிட்டார். "விடு லூதர். கைய திருப்பற நாள்ல என் பேச்சுக்கு மரியாதை உண்டுதானே? இவன் ஆசைப்பட்டது இது. கெடைச்சாச்சு." என்னைப் பார்த்தார். "உக்காரு தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் போய்விட்டார்.

ராய்ஸ் சீட்டு போட்டான். எனக்கும் இரண்டு விழுந்தது. நான் கை நீட்டும் முன்னால், அவன் அதைக் கவிழ்த்தபடியே எடுத்துக் கழிவுச் சீட்டில் எறிந்தான். பார்க்கவில்லை. அடுத்த ஆட்டமும் அப்படியே, அதற்கடுத்ததும். அடுத்த சனிக்கிழமை போனேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். நேற்றும் போனேன். எனக்குச் சீட்டு விழுகிறது, எடுத்துவிடுகிறார்கள். என்னைச் சுற்றிப் பேசிக்கொள்கிறார்கள், என் தலைக்கு மேலே காபி கை மாறுகிறது. நான் எழுந்து வந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று நீ எழுதுவாய். தெரியும். உன் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணி உட்காரச் சொன்னார், உட்காருகிறேன்.

வீட்டில் இப்போது ஆடுவதில்லை. ஐந்து நாற்காலியைக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

அந்த அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. மேல்பாதியில் தீவன விளம்பரப் பலகை அடித்திருப்பார்கள். பதினொரு வருடம் நின்றே இருந்தவனுக்கு அந்தப் பலகை மட்டும்தான் தெரிந்தது. ராய்ஸின் இடத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எம்மெட் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தால் கீழ்ப்பாதி நேர் எதிரே இருக்கிறது. அதில் ஹேமில் டாக்டர் வீட்டு வெள்ளைக் கதவு முழுசாகத் தெரிகிறது, கைப்பிடி உட்பட. சனிக்கிழமை மதியம் நோயாளிகள் குறைவு போலிருக்கிறது. வாசற்படியில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கண்ணாடியைத் துடைப்பார். இங்கிருந்து அவர் சட்டைப் பையில் இருக்கும் பேனா தெரிகிறது, வெர்னா.

நேற்று அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, யாரோ கூப்பிட்டது போல எங்கள் ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உன் மாமன்,
ஹாலிஸ்